அடுப்பு கேட்ட விரதம்

உருத்திரமூர்த்தி என்ற பெயரை சுவிசின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செஃப் அதை 'ரூடி' என்று நறுக்கிவிட்டார். தினமும் மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்குகிற கைக்கு ஒரு பெயர் எம்மாத்திரம்? யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கூட்டுறவுச் சங்கக் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர் அவர். சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாமல் எண்பத்தாறில் சுவிசுக்கு வந்து அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டார். கேட்டதற்குப் பதில் வரவில்லை. பதில் வரும்வரை மலை மேலிருந்த ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவக் கிடைத்தது. தொண்ணூற்றிரண்டு ஐப்பசி வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

மூர்த்தியரைப் பற்றி வேறு எதையும் சொல்வதற்கு முன் அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சாப்பாட்டுப் பிரியரை நான் கண்டதில்லை. சமையல்காரர்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் தொப்பென்று போடுவார்கள். மூர்த்தியர் அக்கம்பக்கம் ஒருமுறை பார்ப்பார். பிறகு சுண்டுவிரல் பாத்திரத்தின் அடிக்குப் போகும், அங்கிருந்து வாய்க்குப் போகும். இயந்திரத்துக்குள் போகும்போதே பாதிப் பாத்திரம் கழுவியாகியிருக்கும். ஹோட்டலின் சாப்பாடு முழுவதையும் அவர் அடிச்சட்டி வழியாகத்தான் கற்றார். ஒருநாளாவது அதே சட்டியின் மறுபக்கத்தில், அடுப்போடு நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதை மனைவி பரமேஸ்வரியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

பரமேஸ்வரிக்கு அதே ஹோட்டலில் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும் துவைத்து மடிக்கிற பகுதியில் வேலை. ஒல்லியான உடம்பு, உருக்குப் போன்ற பிடிவாதம். ஊழியர் குடியிருப்பில் அவர்களுக்கென்று இருந்த ஒற்றை அறையில், சட்டை தொங்கும் அலுமாரியின் மேல்தட்டு முருகனுக்கு. கந்தசட்டி வந்தால் ஆறு நாளும் பகல் முழுவதும் ஒன்றும் வாயில் வைக்கமாட்டாள். இரவில் ஒரு தம்ளர் பாலும் ஒரு பழமும், அவ்வளவுதான். அந்த ஆறு நாளும் மூர்த்தியர் அவளுக்கு முன்னால் சாப்பிடுவதில்லை. அது மரியாதையல்ல, பயம். மறைவாகத் தின்பார்.

அந்த வருஷம் பரமேஸ்வரி அவரையும் இழுத்துவிட்டாள்.

"இந்த முறை நீங்களும் பிடிக்கவேணும்."

"நானோ? என்னத்துக்கு?"

"போன வருஷம் முருகனிட்டை இஞ்சை இருக்கப் பெர்மிட் கேட்டன், தரேல்லை. பெரிசாக் கேட்டிட்டன் போலை. இந்த முறை சின்னதாக் கேப்பம். உங்களுக்கு அந்த அடுப்பு. அடுப்பு உங்களுக்கு, பசி எனக்கு மட்டுமோ? ரெண்டு பேரும் பிடிச்சாத்தான் கேக்கிறதுக்கு ஒரு முகம் இருக்கும்."

மூர்த்தியர் அலுமாரிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து கொடுத்தார். சத்தியம் செய்து கால்மணித்தியாலம் ஆகவில்லை, செஃப் கூப்பிட்டனுப்பினார்.

செஃப்புக்குத் தாய்வழி ஊர் தெசின். சுவிசின் தெற்கு மூலை அது. ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கினால் பனைகளும் எலுமிச்சையும் திராட்சைத் தோட்டமும் வெயிலுமாக, நாடு மாறிவிட்டதோ என்று தோன்றும். அந்தக் குளிர்காலம் ஹோட்டலில் தெற்குச் சாப்பாட்டுக்கென்றே ஒரு தனி அறை திறப்பதாக முடிவாகியிருந்தது. ஹோட்டல் மூடியிருக்கும் இலையுதிர்கால இடைவெளியில் சமையலறை ஆட்களைத் தெசினுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கத்தைய சாப்பாடு, வைன், பழைய கோட்டைகள், கோயில்கள் எல்லாவற்றையும் காட்டப் போகிறாராம். ரிசோட்டோ என்ற அங்கத்தைய குழைசோறு சமைக்கிற அடுப்புக்கு ஒரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடச் சான்றிதழ் அவருக்குத் தேவையில்லை. யாருடைய நாக்கு நல்ல நாக்கென்று அங்கே போய்ப் பார்த்து அவனுக்குத்தான் கொடுப்பாராம். இப்போதைக்கு அவர் மனத்தில் இரண்டு பேர். ஒருவன் சலாதுக்குக் காய் வெட்டுகிற போர்த்துக்கீசன் ஜொவாக்கிம். மற்றவர் ரூடி.

மூர்த்தியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. நாளைக் கேட்டார். கந்தசட்டி தொடங்கி அடுத்த நாள் புறப்பாடு, சூரன்போர் அன்று மாலை திரும்புதல்.

அறைக்கு வந்து பரமேஸ்வரியிடம் நயமாகத் தொடங்கினார். "பரமேஸ், விரதத்தை ஒரு கிழமை தள்ளி வைக்கேலாதோ?"

"ஏன், முருகனுக்கு நாள் வைக்கிறது உங்கடை செஃப்போ?"

அதோடு அந்தக் கதை முடிந்தது. சாப்பிட்டால் அடுப்பு கிடைக்கும், சத்தியம் போகும். சாப்பிடாவிட்டால் சத்தியம் நிற்கும், அடுப்பு போகும். அடுப்புக் கேட்டுப் பிடிக்கிற விரதமே அடுப்புக்குக் குறுக்கே நின்றது. முருகன் இப்படியும் விளையாடுவானா என்று அவர் யோசித்துக்கொண்டே பெட்டி கட்டினார். பாலும் வாழைப்பழமும் பரமேஸ்வரி கட்டித் தந்தாள்.

பயணம் தொடக்கத்திலேயே அவரால் வளைந்தது. எங்கடினிலிருந்து தெசினுக்குக் குறுக்கு வழி இத்தாலிக்குள்ளால் போகிறது. மூர்த்தியரின் அசூல் அட்டை எல்லை தாண்டாது. அவர் ஒருவருக்காக எல்லோரையும் ஏற்றிய வான் வண்டி யூலியர் கணவாய் ஏறி இறங்கி, சான் பெர்னார்டினோ சுரங்கத்துக்குள்ளால் வட்டமடித்துப் போனது. ஜொவாக்கிம் வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டே மூர்த்தியரைத் திட்டினான். மூர்த்தியருக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வாந்தி எடுக்கிற அளவுக்கு அவன் காலையில் சாப்பிட்டிருந்தான்.

பெலின்சோனாவில் மூன்று கோட்டைகள். செஃப் மூன்றையும் காட்டாமல் விடவில்லை. எந்தப் பிரபு கட்டினான், எந்தப் படை வந்து அடித்தது, சுவரின் தடிப்பு எவ்வளவு என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார். மூர்த்தியருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மதிலுக்கு மேலே நின்று பார்த்தபோது கீழே சந்தையில் பாற்கட்டி விற்கிற தட்டுத்தான் தெரிந்தது.

முதல் நாள் அவருடைய தந்திரம் குளிர்ச்சட்டை. தெசினில் எல்லோரும் கையில்லாத சட்டையோடு வெயில் காய, அவர் மட்டும் மலைக்குப் போடுகிற தடித்த குளிர்ச்சட்டையோடு திரிந்தார். அதற்கு உள்ளும் புறமுமாக நிறையப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொலித்தீன் பை. மேசையில் வைத்ததை வாய்க்குக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய்ச் சட்டைக்குள் இறக்கிவிடுவார். வறுத்த கஷ்கொட்டை இறங்கியது, ரொட்டி இறங்கியது, சூடான பொலென்டா என்ற சோளக் களியும் இறங்கியது. அது இறங்கியபோது மூர்த்தியர் "ஆ" என்று துள்ளினார். ருசியில் துள்ளுகிறார் என்று செஃப் நினைத்துக்கொண்டார். இரவு அறைக்குப் போய்ப் பார்த்தால் நெஞ்சு சிவந்திருந்தது. பாலைக் குடித்துவிட்டு, சட்டைப் பைகளை மோந்து பார்த்துக்கொண்டு படுத்தார்.

அடுத்த நாள் லுகானோவுக்கு மேலே ஒரு திராட்சைத் தோட்டம். தோட்டக்காரர் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்களை வைத்து மெர்லோ வைனை ஊற்றினார். பக்கத்தில் ஒரு வாளி. செஃப் ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டி, வாளிக்குள் துப்பினார். ருசி பார்க்கிற முறை அதுவாம்.

மூர்த்தியருக்கு அங்கே ஞானம் பிறந்தது. விரதகாரர் பல் தீட்டுவதில்லையா? வாய் கொப்பளிப்பதில்லையா? அப்படியென்றால் வாய் குற்றமில்லை. எல்லை தொண்டையில்தான் இருக்கிறது. வாய்க்குள் வந்து நிற்பது அசூல் கேட்டு வந்தவன். விழுங்கினால்தான் அவனுக்குப் பெர்மிட் கொடுத்ததாகக் கணக்கு. தன்னை ஆறு வருஷம் வைத்திருக்கிற மாதிரித் தானும் வைனை வாசலிலேயே வைத்திருந்து திருப்பி அனுப்பினால் முருகன் என்ன சொல்லப்போகிறான்? இந்தச் சட்டத்தை அவரே இயற்றி, அவரே நிறைவேற்றி, அவரே முதல் ஆளாகப் பயன்படுத்தினார்.

ஜொவாக்கிமுக்குத் துப்ப மனம் வரவில்லை. நல்ல வைனை வாளியில் துப்புவது பாவம் என்றான். கிண்ணங்கள் பாதி முடிய முன்னம் அவன் தோட்டக்காரரைக் கட்டிப்பிடித்துத் தன் தாயின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கிவிட்டான். கடைசிக் கிண்ணம் வரை ஒரு சொட்டும் விழுங்காமல் நிமிர்ந்து நின்றவர் மூர்த்தியர் ஒருவர்தான்.

"பாருங்கோ ரூடியை! தொழில்காரன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்றார் செஃப்.

சட்டம் வேலை செய்தவுடன் மூர்த்தியர் அதை விரித்தார். வைனுக்குப் பொருந்துவது பாற்கட்டிக்கும் பொருந்தத்தானே வேண்டும்? வாயில் போட்டு, மென்று, உருட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி லேஞ்சிக் கைக்குட்டைக்குள் துப்பி மடித்துவிடுவார். பன்றித் தொத்திறைச்சி வந்தபோது ஒரு கணம் தயங்கினார். மரக்கறியே ஆகாத நாளில் பன்றியா? ஆனாலும் சட்டம் எல்லோருக்கும் சமம் என்று சொல்லிக்கொண்டு அதையும் மென்றார். மென்று துப்புவது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்றும் கிடைக்காத பசியைத் தாங்கலாம், வாய்வரை வந்து திரும்பிப் போகிற சாப்பாட்டைத் தாங்க முடியாது. இரவு கனவில் தொத்திறைச்சி வந்து "ஏன் என்னை வேண்டாமெண்டனீர்?" என்று கேட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மாஜியா பள்ளத்தாக்கில் ஒரு குரோட்டோ. பாறையைக் குடைந்த பழைய வைன் அறை. அதற்கு முன்னால் கஷ்கொட்டை மரங்களின் நிழலில் கல்மேசைகள், கல்வாங்குகள். அப்படிப்பட்ட சாப்பாட்டுக் கடையைத்தான் தெசினில் குரோட்டோ என்கிறார்கள். நடத்துகிற அம்மா ஆளைப் பார்த்தாலே பயம் வரும். அகன்ற தோள், கையில் அகப்பை. செப்புக் கிடாரத்தில் ஒருமணி நேரமாகத் துழாவிய ரிசோட்டோவை அவவே கொண்டுவந்து பரிமாறினா. தொத்திறைச்சி உதிர்த்துப் போட்டு, வைன் விட்டு, வெண்ணெய் மினுங்க, குழைந்தும் குழையாமலும் இருந்தது சோறு.

மூர்த்தியர் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மென்றார். வழக்கம்போல முகத்தைத் திருப்பி லேஞ்சியை எடுத்தார். திருப்பின பக்கம் அந்த அம்மா நின்றா.

லேஞ்சியைப் பார்த்தா. மூர்த்தியரைப் பார்த்தா. அகப்பையை இடுப்பில் ஊன்றினா. பிறகு இத்தாலியனில் தொடங்கினா பாருங்கள், மேசையில் இருந்த எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"தன்ரை தாய் செய்த மாதிரிச் செய்த சோறாம். அதைத் துப்பிறவன் ஆரெண்டு கேக்கிறா" என்று செஃப் மெதுவாகச் சொன்னார். அவர் முகமும் மாறியிருந்தது. "வைனைத் துப்பலாம், ரூடி. சாப்பாட்டைத் துப்பக்கூடாது. உனக்குப் பிடிக்கேல்லையோ?"

பிடிக்கவில்லையா! மூர்த்தியரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. வாய்க்குள் அந்தச் சோறு இருந்தது. முன்னால் அகப்பை இருந்தது. அடுப்பு போய்க்கொண்டிருந்தது. அலுமாரி மேல்தட்டு ஒரு கணம் மனத்தில் வந்தது. "முருகா, நீயே பாத்துக்கொள்" என்று சொல்லி விழுங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை மூர்த்தியர் தடுக்கவும் இல்லை, தடுக்கப் பார்க்கவும் இல்லை. முதல் தட்டுக் காலியானது. அந்த அம்மா முறைத்துக்கொண்டே இரண்டாம் தட்டு வைத்தா. மூன்றாம் தட்டு வைக்கும்போது சிரித்தா. நாலாவதாகக் கிடாரத்தையே கொண்டுவரச் சொல்லி, அடியில் பொன்னிறமாகப் பிடித்திருந்ததைச் சுரண்டி வழித்துச் சாப்பிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி இருந்தது. பசியிலா, ருசியிலா, குற்றத்திலா என்று அவருக்கே தெரியவில்லை.

செஃப் எழும்பி வந்து அவர் தோளில் கைவைத்தார். "அடிப்பிடிச்சதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுறவனை நம்பித்தான் சட்டியைக் குடுக்கலாம். அடுப்பு உனக்குத்தான், ரூடி."

ஜொவாக்கிம் கைதட்டினான். அவனுக்கு முந்தின நாள் வைன் இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பரமேஸ்வரியைக் கூப்பிட்டார். "கிடைச்சிட்டுது, பரமேஸ்! அடுப்பு எனக்கெண்டு செஃப் சொல்லிப்போட்டார்!" மறுமுனையில் "முருகா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "பால் குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றார். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். அவள் அழுகிறாள் என்று தெரிந்ததும் வாய் வரவில்லை. கூண்டைவிட்டு வெளியே வந்தபோது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்போடு போய் முயல் கறியும் பொலென்டாவும் சாப்பிட்டார். விரதம் போனது போனதுதானே என்று மிச்ச நாட்களும் சாப்பிட்டார்.

சூரன்போர் அன்று மாலை வீடு வந்து சேர்ந்தார். அடுத்த நாள் விடியற்காலை பாறணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுகிற சாப்பாடு. பரமேஸ்வரி முழுகி, பொதுச் சமையலறையில் ஒருவரும் எழும்ப முன்னம் எல்லாம் சமைத்துவிட்டாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, அகத்திக்கு எங்கே போவது என்று பசளிக்கீரை, வடை, பாயாசம். படையல் முடிந்ததும் மூர்த்தியரை இருத்திப் பரிமாறினாள். தனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி வைத்தாள்.

"உமக்கு?"

"எனக்கு இன்னும் ஆறு நாள் கிடக்கு."

"சூரன்தான் செத்தாச்சே. இனியென்ன ஆறு நாள்?"

"முடிஞ்சது என்ரை ஆறு. இனி உங்கடை ஆறு."

மூர்த்தியரின் கை சோற்றிலேயே நின்றது. "ஆர் சொன்னது?"

"நீங்கள்தான், டெலிபோனிலை. அடுப்புக் கிடைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டு 'ஏவ்' எண்டு ஒரு ஏவறை விட்டியள். பால் குடிச்ச ஆக்களுக்கு அப்பிடி ஏவறை வராது. கலியாணவீட்டிலை கடைசிப் பந்தியாலை எழும்பின ஆக்களுக்குத்தான் வரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் பூசணிக்காயை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுப்புத்தான் கிடைச்சிட்டுதே. பிறகென்னத்துக்கு நீர்..."

"ரெண்டு பேர் பிடிக்கிறம் எண்டு சொல்லிக் கேட்டது. குடுத்தவனை ஏமாத்தேலாது."

"அப்ப நான் பிடிக்கிறன். நீர் சாப்பிடும்."

"வேண்டாம். இண்டைக்கிருந்து செஃப் உங்களைப் பழக்கப் போறார். உங்களுக்கு நாக்கிலை உத்தியோகம். வயித்தை நான் பாக்கிறன். சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

சாப்பிட்டார். அவள் கண்ணுக்கு முன்னால் வேறு என்ன செய்ய முடியும்? அவ்வளவு பிரியமான வடை அன்று மண் மாதிரி இருந்தது. பன்னிரண்டு நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் இந்த ஒல்லிச் சீவன் என்னாகும் என்று பயந்துபோனார். அன்று அடுப்படிக்குப் போகிற வழியில் வெட்கத்தில் அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று தொடங்கி மூர்த்தியர் ஒரு புது நாடகம் ஆடினார். செஃப் பழக்குகிற ரிசோட்டோவை நாக்கில் வைத்துப் பார்ப்பார், செஃப் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிவிடுவார். "உத்தியோகம் நாக்குக்கு, வயிறு உனக்கு" என்று முருகனோடு முதல் நாளே ஒப்பந்தம் பேசியிருந்தார். மாலையில் அறைக்கு வந்து, "செஃப்போடை மூக்குமுட்டச் சாப்பிட்டிட்டு வாறன்" என்பார். பரமேஸ்வரி நம்பினாள். சாப்பிடவில்லை என்று அவர் சொல்வதைத்தான் அவள் நம்பமாட்டாள். அவள் கண்ணயர்ந்த பிறகு அவரும் ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுப் படுப்பார். அவள் நடை தளர்ந்துகொண்டு போனது. அவர் இடுப்புப் பட்டியும் தளர்ந்துகொண்டு போனது. மடித்த விரிப்புகளைத் தூக்கத் தன்னால் முடியவில்லையே என்ற கவலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

அவளுடைய ஆறு நாளும் முடிந்த விடியற்காலை, மூர்த்தியர் முழுகிவிட்டு வந்து, "நீர் இரும், இண்டைக்கு நான்" என்றார். பொதுச் சமையலறை அடுப்பில் தனியாக நின்று சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், கீரை, அவளுக்குப் பிடித்த பயற்றம் பாயாசம். முருகனுக்குப் படைத்தார். அவளை இருத்தி, தட்டை வைத்துப் பரிமாறினார். குளிர்காலம் முழுவதும் வெள்ளைக்காரருக்குச் சமைக்கப் போகிற கை அது. முதல் தட்டை அவளுக்கு வைத்தது.

பரமேஸ்வரி பருப்பையும் கத்தரிக்காயையும் சேர்த்துப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"உப்பே இல்லை. பெரிய அடுப்புக்காரர், ருசி பாக்காமலோ இறக்கினீங்கள்?"

"பாறணைக்கு முன்னம் எப்பிடி வாயிலை வைக்கிறது?"

"உங்களுக்கென்ன பாறணை?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றாள். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. இடுப்புச் சாரத்தை வழக்கத்தைவிட ஒரு சுற்றுக் கூடச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"எத்தினை நாளா?"

"நீர் தொடங்கின அண்டு, அந்தப் பாறணைச் சோத்துக்குப் பிறகு. இந்த முறை ஏவறை வந்ததோ, நீரே சொல்லும்."

பரமேஸ்வரி தட்டில் இருந்த சோற்றையும் கறியையும் இன்னொருமுறை நன்றாகக் குழைத்தாள். தான் இரண்டாம் வாய் வைப்பதற்கு முன், ஒரு பெரிய உருண்டையாகப் பிடித்தாள்.

"கையை நீட்டுங்கோ."

மூர்த்தியர் இரண்டு கையையும் சேர்த்து வாங்கிச் சாப்பிட்டார். நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஓம், உப்புக் காணாதுதான்" என்றார்.